சி. பி. ஜான்ஸ்டன்: கென்ட் கவுண்டியிலிருந்து சேப்பாக்கம் வரை

சி. பி. ஜான்ஸ்டன் (கான்ராட் பவல் ஜான்ஸ்டன், 1895–1974) இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர். இடக்கை மட்டையாளர், வலக்கை மிதவேகப் பந்துவீச்சாளர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காகவும் கென்ட் கவுண்டிக்காகவும் ஆடியவர். இங்கிலாந்து அணிக்காக ஒரு டெஸ்ட் போட்டியிலும் ஆடியதில்லை. அந்நாட்டுக் கிரிக்கெட் வரலாற்றில் அவருக்குக் கிடைத்திருப்பது ஓர் அடிக்குறிப்பு அளவிலான இடமே. ஆனால் பணியின் பொருட்டு சென்னைக்கு வந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் சேப்பாக்கம் மைதானத்தில் ஆடிய ஜான்ஸ்டன், இன்றைய தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். 1934-ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டியில் மதராஸ் அணிக்குத் தலைமை ஏற்றவர் இவரே.

பிறப்பு, கல்வி

ஜான்ஸ்டன் 1895-ஆம் ஆண்டு லண்டனின் தென்பகுதியில் உள்ள சிடன்ஹாமில் பிறந்தார். ரக்பி பள்ளியில் பயின்றார். பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் முதல் உலகப்போர் (1914–1918) தொடங்கியது. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் கவுண்டிப் போட்டிகளும் பல்கலைக்கழகப் போட்டிகளும் நிறுத்தப்பட்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மற்ற வீரர்களைப் போலவே ஜான்ஸ்டனும் ஆட்டத்திறன் வளர வேண்டிய ஆண்டுகளை இழந்தார். அவர் கேம்பிரிட்ஜ் அணியில் இடம்பெற்றது 1919-இல். அப்போது அவருக்கு வயது 23.

1919, 1920 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்தில் பங்கேற்று ‘புளூ’ என்னும் பல்கலைக்கழகத் தகுதியைப் பெற்றார். போர் முடிந்து திரும்பிய இளைஞர்களால் நிறைந்த வலுவான அணி அது. பின்னாளில் இங்கிலாந்து அணியின் தலைவர்களான ஆர்தர் கில்லிகன், பெர்சி சாப்மன் ஆகியோர் அதில் ஜான்ஸ்டனுடன் ஆடினர். அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் படித்த சென்னை இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சி பாபு நாயுடுவின் மகன் சி. ராமஸ்வாமி. டென்னிஸில் கேம்பிரிட்ஜ் ‘புளூ’ பெற்ற ராமஸ்வாமி, 1922-இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையிலும் 1936-இல் கிரிக்கெட் டெஸ்டிலும் ஆடினார். இருவரும் பின்னர் சேப்பாக்கத்தில் எதிரெதிர் அணிகளில் ஆடும் நிலை வந்தது.

கவுண்டி வீரர்

இங்கிலாந்தின் கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. அவற்றின் பெயரால் அமைந்த கிளப்புகள் மோதும் கவுண்டி சாம்பியன்ஷிப்தான் அந்நாட்டின் முதன்மையான உள்நாட்டுப் போட்டி. தென்கிழக்கு மூலையில் உள்ள கென்ட், ஜான்ஸ்டன் சேர்ந்த காலத்தில் புகழ்பெற்ற கவுண்டிகளுள் ஒன்று. 1906, 1909, 1910, 1913 ஆகிய ஆண்டுகளில் அது சாம்பியன்ஷிப்பை வென்றிருந்தது. ஃபிராங்க் வூலி, ‘டிச்’ ஃப்ரீமன், வாலி ஹார்டிங் போன்ற தொழில்முறை வீரர்கள் அதன் முதுகெலும்பாக இருந்தனர்.

அக்காலத்தில் கவுண்டி அணிகளில் இரு வகை வீரர்கள் இருந்தனர். ஊதியம் பெற்று ஆண்டு முழுவதும் ஆடுபவர்கள் ‘தொழில்முறை வீரர்கள்’. ஊதியம் பெறாமல் தமக்கு வசதிப்படும் நாட்களில் ஆடுபவர்கள் ‘அமெச்சூர்கள்’. அமெச்சூர்கள் பெரும்பாலும் பெரிய பள்ளிகளிலும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜிலும் படித்தவர்கள். பல மைதானங்களில் இரு பிரிவினருக்கும் தனித்தனி உடை மாற்றும் அறைகளும் தனித்தனி வாயில்களும் இருந்தன. ஆட்ட அட்டையில் அமெச்சூரின் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும், தொழில்முறை வீரரின் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னும் அச்சிடப்படும். இந்த வேறுபாடு 1962-இல்தான் ஒழிக்கப்பட்டது.

ஜான்ஸ்டன் அமெச்சூர் வகையைச் சேர்ந்தவர். அமெச்சூர் என்றால் பிழைப்புக்கு வேறு தொழில் வேண்டும். அந்தத் தொழில் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எனவே அவரது கவுண்டி வாழ்க்கை துண்டு துண்டானது. 1919-இல் கென்ட் அணிக்காக முதலில் ஆடிய அவர், 1933-இல் கடைசியாக ஆடினார். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில், சென்னையிலிருந்து விடுப்பில் தாயகம் சென்ற கோடைக் காலங்களில் மட்டுமே அவருக்கு அந்த அணியில் ஆட வாய்ப்பிருந்தது. வூலி போன்ற ஒருவர் ஆண்டுதோறும் ஓட்டங்களைக் குவித்துக்கொண்டிருந்த அணியில், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்து போகும் ஒரு வீரர் பெயர் பதிப்பது அரிது. இங்கிலாந்தில் ஜான்ஸ்டன் சிறிய கவுண்டி வீரராகவே மதிப்பிடப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

சென்னை வாழ்க்கை

ஜான்ஸ்டன் சென்னையில் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றினார். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் இறக்குமதி செய்து விற்ற பெரிய வணிக நிறுவனம் அது. 1970-களில் தேசியமயமாக்கப்பட்டு இன்றைய பாரத் பெட்ரோலியமாக மாறியது. சென்னையில் இத்தகைய பிரிட்டிஷ் வணிக நிறுவனங்களின் அதிகாரிகள் மாலையிலும் விடுமுறையிலும் கூடும் இடம் மதராஸ் கிரிக்கெட் கிளப்.

அந்தக் கிளப் 1846-இல் அலெக்சாண்டர் அர்புத்நாட்டால் தொடங்கப்பட்டது. 1865-இல் சேப்பாக்கத்தில், முன்பு ஆற்காட்டு நவாபின் அரண்மனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் அதற்கு இடம் கிடைத்தது. இன்றைய எம்.ஏ. சிதம்பரம் மைதானம் அமைந்துள்ள இடம் அதுவே. தொடக்கத்தில் அது ஐரோப்பியர்களுக்கு மட்டுமான கிளப். அங்கு ஆடச் சென்ற இந்தியர்கள் பெவிலியனுக்குள் அனுமதிக்கப்படாமல் மரத்தடியில் உணவருந்த வேண்டியிருந்தது என்றும், அந்த அவமதிப்பே இந்தியர்களுக்கெனத் தனிக் கிளப் வேண்டும் என்ற எண்ணத்தைப் புச்சி பாபு நாயுடுவிடம் உருவாக்கியது என்றும் சொல்லப்படுகிறது. அவர் 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியர்கள் ஐரோப்பியர்களைச் சமமாக எதிர்கொள்ளும் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்வது அவரது கனவு. அந்த ஆட்டம் 1908-இல் நடக்கவிருந்த வேளையில் அவர் காலமானார். அவர் பெயரால் சென்னையில் நடத்தப்படும் புச்சி பாபு நினைவுப் போட்டி இன்றும் தொடர்கிறது.

பொங்கல் போட்டி

புச்சி பாபு விதைத்தது பின்னர் மாகாணப் போட்டியாக வளர்ந்தது. 1915–16 முதல் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதும் முதல்தர ஆட்டமாக அது சேப்பாக்கத்தில் நடைபெற்றது. பொங்கல் விடுமுறையை ஒட்டி நடந்ததால் மக்கள் அதைப் ‘பொங்கல் மேட்ச்’ என்றே அழைத்தனர். 1951–52 வரை இப்போட்டி நீடித்தது.

இதே காலத்தில் பம்பாயில் நடந்த நான்முனைப் போட்டியில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள் எனச் சமய, இன அடிப்படையில் அணிகள் அமைந்தன. அது சமயப் பிரிவினையை வளர்க்கிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 1940-களில் நின்றுபோனது. சென்னைப் போட்டியில் சமயப் பிரிவினை இல்லை. இந்தியர் அணியில் எல்லாச் சமயத்தாரும் ஆடினர். ஆனால் ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான கோடு அதில் வெளிப்படையாகவே இருந்தது. கூட்டத்தினருக்கு அது வெறும் விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை. அலுவலகத்தில் மேலதிகாரியாக அமர்ந்திருக்கும் வெள்ளைக்காரரை மைதானத்தில் ஓர் இந்தியர் ஆட்டமிழக்கச் செய்வதைக் காண்பதற்காகவும் மக்கள் வந்தனர்.

ஜான்ஸ்டன் 1920-களின் நடுப்பகுதியிலிருந்து 1940-களின் பிற்பகுதி வரை இப்போட்டியில் ஐரோப்பியர் அணியின் முதன்மை வீரர்களுள் ஒருவராக விளங்கினார். கென்டில் வந்து போகும் வீரராக இருந்தவர், சேப்பாக்கத்தில் எதிரணி திட்டமிட்டு எதிர்கொள்ள வேண்டிய வீரராக ஆனார். சென்னை இந்தியர்களுக்கு இங்கிலாந்தின் கவுண்டித் தரம் எத்தகையது என்பதை ஆண்டுதோறும் அருகிலிருந்து அளந்துபார்க்க அவர் ஓர் அளவுகோலாக இருந்தார்.

எம். ஜே. கோபாலன்

ஜான்ஸ்டனின் பெயர் சென்னையில் நிலைத்ததற்கு அவர் எடுத்த ஓட்டங்களைவிட அவர் கண்டெடுத்த ஒரு வீரரே காரணம். எம். ஜே. கோபாலன் 1909-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பகுதிகளும் அன்று இதே மாவட்டத்தைச் சேர்ந்தவையே. கோபாலனின் சிறுவயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது.

தெருவிலும் திறந்த வெளியிலும் ஆடி வளர்ந்த கோபாலனின் வேகப்பந்து வீச்சை ஜான்ஸ்டன் கவனித்தார். அவரைத் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் சேர்க்க வழிசெய்ததோடு, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் ஏற்பாடு செய்தார். இரண்டாவது உதவியின் மதிப்பை இன்றைய வாசகர் எளிதில் உணர முடியாது. அன்று இந்தியாவில் கிரிக்கெட் ஆடிச் சம்பாதிக்க வழி இல்லை. மன்னர்களின் ஆதரவைப் பெற்றவர்களும் வசதியான குடும்பத்தினருமே தொடர்ந்து ஆட முடிந்தது. நடுத்தரக் குடும்பத்து இளைஞர் இருபது வயதில் வேலை தேடிப் போனால் ஆட்டம் அத்துடன் முடிந்தது. மாதச் சம்பளமும், போட்டி நாட்களில் விடுப்பும் தரும் ஒரு வேலை கோபாலனை மைதானத்தில் தங்கவைத்தது.

கோபாலன் 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் போட்டியில் ஆடினார். ஹாக்கியிலும் சிறந்து விளங்கி, 1935-இல் இந்திய அணியுடன் நியூசிலாந்துக்குச் சென்றார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணிக்கான தேர்வும், இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமும் ஒரே நேரத்தில் எதிர்ப்பட்டன. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டிலும் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. தியான் சந்த் தலைமையிலான ஹாக்கி அணி பெர்லினில் தங்கம் வென்றது. ஆயினும் இரு விளையாட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர் என்ற பெருமை கோபாலனுக்கு நிலைத்தது. 1950-களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய ஆண்டுப் போட்டிக்குக் ‘கோபாலன் கோப்பை’ என்றே பெயரிடப்பட்டது. அவர் 2003-இல் தம் 94-ஆம் வயதில் காலமானார்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி

1926–27-இல் எம்.சி.சி. அணியுடன் இந்தியா வந்தவர் ஜான்ஸ்டனின் கேம்பிரிட்ஜ் தோழர் ஆர்தர் கில்லிகன். இந்தியர்களின் ஆட்டத்தைக் கண்ட அவர், நாடு தழுவிய அமைப்பு ஒன்றை உருவாக்குமாறு ஊக்குவித்தார். 1928 டிசம்பரில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கம் தன் முதல் டெஸ்ட் போட்டியைக் கண்டது. ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அதில் 202 ஓட்டங்களில் வென்றது. அதே ஆண்டில் மாகாணங்களும் சமஸ்தானங்களும் மோதும் தேசியப் போட்டி தொடங்கியது. பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் வழங்கிய கோப்பைக்கு, அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் பெயர் சூட்டப்பட்டது.

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த மதராஸ்–மைசூர் ஆட்டம் ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி. மதராஸ் அணியின் தலைவர் 39 வயதான ஜான்ஸ்டன். கோப்பையின் முதல் பந்தை அவர் கோபாலனிடம் ஒப்படைத்தார். மைசூரின் என். கர்ட்டிஸ் அதை எதிர்கொண்டார். மைசூர் முதல் இன்னிங்ஸில் 48 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. மதராஸ் 130 ஓட்டங்கள் எடுத்தது. இரண்டாவது இன்னிங்ஸில் மைசூர் 59 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மதராஸ் ஓர் இன்னிங்ஸ், 23 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ. ஜி. ராம் சிங் முதல் இன்னிங்ஸில் 19 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளும், இரண்டாவதில் 16 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது.

இந்தப் போட்டியின் வரலாற்று முரண் கவனத்துக்குரியது. கேம்பிரிட்ஜில் படித்து, சசெக்ஸ் கவுண்டிக்கும் இங்கிலாந்துக்கும் ஆடிய இந்தியரின் பெயரால் அமைந்த கோப்பை அது. அதன் முதல் போட்டியில் சொந்த ஊர் அணியை வழிநடத்தியவரோ கேம்பிரிட்ஜில் படித்து, கென்ட் கவுண்டிக்கு ஆடிய ஆங்கிலேயர். பொங்கல் போட்டியில் ஜான்ஸ்டனுக்கு எதிராக ஆடியவர்கள் ரஞ்சிக் கோப்பையில் அவரது தலைமையின் கீழ் ஆடினர். ஐரோப்பியரும் இந்தியரும் ஒரே அணியாக, ஒரு மாகாணத்தின் பெயரால் களமிறங்குவது சென்னைக்குப் புதிய அனுபவம். அடுத்த பருவத்திலேயே, 1935–36-இல், மதராஸ் அணி இறுதிப் போட்டியை எட்டியது. டெல்லியில் நடந்த அந்த ஆட்டத்தில் பம்பாயிடம் 190 ஓட்டங்களில் தோற்றது. 1940–41-இல் மீண்டும் இறுதிக்கு வந்து, சேப்பாக்கத்தில் மகாராஷ்டிராவிடம் தோல்வியடைந்தது. கோப்பை முதன்முதலாகச் சென்னைக்கு வந்தது 1954–55-இல், பாலு அழகணன் தலைமையில்.

பிற்காலம்

ஜான்ஸ்டன் 1940-களின் நடுப்பகுதி வரை, ஐம்பது வயதை நெருங்கிய நிலையிலும் மதராஸ் அணிக்காக ஆடினார். இந்தியா விடுதலை பெற்ற பின்னர் தாயகம் திரும்பினார். பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. விருதைப் பெற்றவர். 1974-இல் கென்ட் பகுதியிலுள்ள ஈஸ்ட்ரியில் காலமானார்.

மதிப்பீடு

ஜான்ஸ்டனைச் சென்னைக் கிரிக்கெட்டின் புரவலராக மட்டும் காண்பது முழுமையான பார்வை ஆகாது. அவருக்குத் தலைமைப் பொறுப்பு கிடைத்ததில் அவரது ஆட்டத்திறனுக்கு இணையாக, அவர் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் என்பதற்கும் பங்குண்டு. இங்கிலாந்தில் ஓர் அமெச்சூருக்குக் கிடைத்த முன்னுரிமையும், சென்னையில் ஓர் ஐரோப்பியருக்குக் கிடைத்த முன்னுரிமையும் ஒரே தன்மையுடையவை. அங்கே வகுப்பின் பெயரால் அமைந்த தனி வாயில், இங்கே இனத்தின் பெயரால் அமைந்தது. ராம் சிங் போன்ற வீரர் அதிகாரப்பூர்வமான ஒரு டெஸ்ட் போட்டியில்கூட ஆடாமல் வாழ்க்கையை முடித்ததோடு ஒப்பிட்டால், வாய்ப்புகள் அன்று எவ்வளவு சமமற்றுப் பகிரப்பட்டன என்பது புலப்படும். ராம் சிங்கின் மகன்களான கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னர் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினர்.

மறுபுறம், அதே அமைப்பிலிருந்து வந்த எல்லா அதிகாரிகளும் கிளப்பின் வேலிக்கு வெளியே பார்வையைச் செலுத்தவில்லை. ஜான்ஸ்டன் செலுத்தினார். திறமை எங்கிருந்தாலும் அதைக் கிளப்பில் சேர்ப்பது, ஒரு நிறுவனத்தில் வேலை கொடுத்து அந்தத் திறமையைக் காப்பது என்ற அவரது வழிமுறை சென்னையில் வேர்விட்டது. பின்னாளில் வங்கிகளும், ரயில்வேயும், தனியார் தொழில் நிறுவனங்களும் வீரர்களுக்கு வேலை அளித்து லீக் அணிகளை நடத்தின. தமிழ்நாட்டிலிருந்து இந்திய அணிக்குச் சென்றவர்களில் பலர் இத்தகைய நிறுவன அணிகளின் வழியே வந்தவர்கள்.

வரலாற்று இடம்

சிறிய கவுண்டி வீரர்களின் வரலாறு பெரும்பாலும் புள்ளிவிவர நூல்களோடு முடிந்துவிடும். கென்ட் அணியின் ஏடுகளில் ஜான்ஸ்டனும் அத்தகைய ஒருவரே. வேறொரு மண்ணில், வேறொரு மக்களின் விளையாட்டு வரலாற்றின் தொடக்கப் பக்கத்தில் அவர் பெயர் இடம்பெற்றிருப்பதே அவரைத் தனித்துக் காட்டுகிறது. புச்சி பாபு இந்தியர்களுக்குத் தனி மைதானத்தையும் தன்னம்பிக்கையையும் தந்தார். ஜான்ஸ்டன் எதிரணியில் நின்று அந்தத் தன்னம்பிக்கைக்குச் சோதனைக்களமாக இருந்தார். பின்னர் அதே இந்தியர்களுடன் ஒரே அணியில் நின்றார். தமிழ்நாட்டில் கிரிக்கெட் காலனிய கிளப்பின் பொழுதுபோக்காக இருந்த நிலையிலிருந்து மக்களின் ஆட்டமாக மாறிய இடைக்காலத்தைப் புரிந்துகொள்ள, அவரது வாழ்க்கை ஒரு பயனுள்ள திறவுகோல்.